சட்டை 17 இருக்கு, போட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல

கேள்வி, 4 மே 2025

பீரோவைத் தொறந்தா சட்டை 17 இருக்கு, எண்ணிப் பாத்தேன். பேண்ட் மூணு. ஆனா திங்கக்கிழமை காலையில எதப் போடறதுன்னே தெரியல, சுத்திச் சுத்தி அதே நாலு சட்டை. ஆபீஸ்ல ஒருத்தன் உனக்கு யூனிஃபார்மாடான்னு கேட்டுட்டான். வண்டி டியூ ஓடுது, பெருசா செலவு பண்ண முடியாது. இருக்கறத வெச்சே கொஞ்சம் கூட்டிக்க சிம்பிளா வழி இருந்தா சொல்லுங்க. ஃபேஷன்லாம் வேணாம், டீசன்டா இருந்தா போதும்.

4 மே 2025, ராத்திரி

ப்ரோ, மொதல்ல சட்டை வாங்கறத நிறுத்துங்க. உங்களுக்குக் கம்மியா இருக்கறது பேண்ட்.

இதப் படிச்சதும் நானும் எந்திரிச்சுப் போய் என் பீரோவ மொத்தமா கட்டில்ல கொட்டினேன், வீட்டம்மா ஊருக்குப் போயிருக்கற தைரியம்தான். சட்டை 19. அதுல நெஜமா போடறது 6. மிச்சம் 13 ஏன் போடலன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா காரணம் எல்லாம் சப்பையா இருக்கு. நாலு வயித்துல பிடிக்குது, பட்டனுக்கு நடுவுல ஜன்னல் தொறக்குது. மூணு தொளதொளன்னு தோள் இறங்கி நிக்குது. ரெண்டு கல்யாணத்துக்கு வெச்சுக் குடுத்த பிட்டு, தெச்சுட்டேன், வெளக்குப் போட்டா மின்னுது. ரெண்டு காலர் கிழிஞ்சு நூல் எட்டிப் பாக்குது. ஒண்ணு வயலட்டு, அது ஏன் வாங்கினேன்னு எனக்கே தெரியல. கடைசி ஒண்ணு நல்ல மண் கலர் சட்டை, அளவும் சரி, ஆனா அதுக்குச் சேர்ற பேண்ட் எங்கிட்ட இல்ல.

அந்த மண் கலர் சட்டையக் கையில வெச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். எங்கிட்ட பேண்ட் மூணு, ரெண்டு கறுப்பு, ஒரு ஜீன்ஸ். ரெண்டு கறுப்பும் பாக்கறவங்க கண்ணுக்கு ஒண்ணுதான. அப்ப ஆறு சட்டை, ரெண்டு பேண்ட், மொத்தம் 12 ஜோடி. ஏழாவதா ஒரு சட்டை வாங்கினா கூடறது 2 ஜோடி. மூணாவது கலர்ல ஒரு பேண்ட் வாங்கினா கூடறது 6. அஞ்சாங்கிளாஸ் பெருக்கல் வாய்ப்பாடு இத்தன வருஷமா பீரோக்குள்ளயே இருந்திருக்கு.

உங்க மூணு பேண்ட்டும் என்ன கலர்னு சொல்லுங்க. கறுப்பு ஒண்ணு கண்டிப்பா வேணும், அது எல்லாத்துக்கும் சேரும், அதத் தாண்டி என்ன இருக்கு?

5 மே 2025

மூணும் கறுப்பாம்! சரி.

11 மே 2025

மேல நான் எழுதினதுல ஒண்ண வாபஸ் வாங்கறேன். கறுப்பு எல்லாத்துக்கும் சேரும்னு சொன்னேன்ல, நேத்து ஒரு கல்யாணம், வெள்ளச் சட்டை கறுப்பு பேண்ட் போட்டு சும்மா பந்தி ஓரமா நின்னுட்டிருந்தேன், ஒரு பெரியவர் கூப்பிட்டு “தம்பி, இந்த வரிசைக்கு அப்பளமே வரல”ன்னாரு. எடுத்துட்டு வந்து வெச்சேன், வேற என்ன பண்றது. கேட்டரிங் பசங்களும் அதே வெள்ள, அதே கறுப்பு.

அது தமாசு. நெஜமான பிரச்சனை வேற. சென்னை வேர்வைக்கு கறுப்பு பேண்ட் முட்டிக்குப் பின்னாடி உப்புக்கோடு போடும், டூ வீலர்ல போனா தூசி மொத்தமும் அதுல தெரியும், மொட்டை மாடியில நேர் வெயில்ல காயப்போட்டா நாலே மாசத்துல ஒரு மாதிரி பழுப்படிச்ச கறுப்பா ஆயிடும். வெளிர் சட்டைக்குக் கீழ கறுப்பு போட்டா ஆள ரெண்டா வெட்டின மாதிரியும் இருக்கு. அடர் சாம்பல்தான் நெஜமா எல்லாத்துக்கும் சேர்றது. வெள்ள, இளநீலம், ரோஸ், மண் கலர், பச்சை, கட்டம் போட்டது எல்லாத்தையும் சாம்பலோட வெச்சுப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் நேவி, அதுக்கப்புறம் காக்கி இல்லன்னா சந்தன கலர். நாலாவதா ஆலிவ் பச்சை, அது ஆசைக்கு.

ஒரே நாள்ல நாலையும் வாங்கப் போகாதீங்க. சாம்பல் ஒண்ண வாங்கி ஒரு மாசம் போட்டுப் பாருங்க.

12 மே 2025

பெல்ட் பத்திக் கேட்டவருக்கு. ஒரு பக்கம் கறுப்பு, திருப்பினா பிரவுன், அந்த மாதிரி பெல்ட் வரும், அது ஒண்ணு போதும். பக்கிள் திருகுற எடத்துல ஒரு வருஷத்துல லூசாகும், அத மட்டும் பாத்துக்கோங்க.

25 மே 2025

டெய்லர் கதை. கொஞ்சம் நீளம்.

வேளச்சேரியில எங்க தெரு முனையில மாடிப்படிக்குக் கீழ ஒருத்தர் ஒத்த மிஷின் போட்டு உக்காந்திருக்காரு, ஆல்ட்ரேஷன் மட்டும்தான் பண்றாரு. ஒம்பது சட்டையத் தூக்கிட்டுப் போனேன், பிடிக்கற நாலு, தொளதொள மூணு, காலர் போன ரெண்டு. அண்ணே, இதையெல்லாம் தேத்த முடியுமான்னேன். கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு டாக்டர் எக்ஸ்ரே பாக்கற மாதிரி ஒவ்வொண்ணையும் உள்பக்கம் திருப்பிப் பாத்தாரு.

வயித்துல பிடிக்கற நாலுல மூணு ரெடிமேடு. தையலுக்கு உள்ள விட்ட துணி கால் இஞ்சு கூட இல்ல, பிரிச்சு விட வழியே இல்லன்னுட்டாரு. நாலாவது எங்க ஊர்ல, கோபியில தெச்சது. அதுல ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சு துணி உள்ள விட்டிருந்துச்சு. “பழைய ஆளு தெச்சது, பையன் பெருப்பான்னு தெரிஞ்சு விட்டிருக்காரு”ன்னாரு. பிரிச்சுத் தெச்சதும் சும்மா கணக்கா உக்காந்துச்சு. வெளுக்காத பழைய கலர் மட்டும் ஓரத்துல ஒரு கோடா தெரியுது, கைக்குக் கீழதான, யார் பாக்கப் போறா.

தொளதொள மூணுல ரெண்டுக்கு சைடு பிடிச்சு, கை அகலத்தையும் கொறச்சுக் குடுத்தாரு. மூணாவது வேணாம்னுட்டாரு, அதுல தோள் தையல் எலும்ப விட்டு ரெண்டு இஞ்சு கீழ நிக்குது. தோள்ல கை வெச்சா கையப் பிரிக்கணும், காலர் வரைக்கும் போகணும், புது சட்டை தைக்கற வேலைங்கறாரு. ஆகக்கூடி கடையில போட்டுப் பாக்கும்போது தோள மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் தெருமுனையில சரி பண்ணிக்கலாம்.

காலர் போன ரெண்டுக்கும் காலரத் திருப்பிப் போட்டாரு. இது எங்கப்பா காலத்து வேலை. காலர அப்படியே பிரிச்சு, கிழிஞ்ச பக்கம் உள்ள போற மாதிரி மடக்கித் திரும்பத் தெச்சுடறது, அடிப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும். இது தெரியாம நான் எத்தன சட்டையத் துடைக்கற துணியாக்கியிருக்கேன்னு நெனச்சா வயிறெரியுது. ஒண்ணே ஒண்ணு, காலர் குமிழ் குமிழா எழும்பியிருந்தா இது நடக்காது. உள்ள ஒட்டியிருக்கற கேன்வாஸ் விட்டுப்போனாத்தான் குமிழ் வரும், திருப்பினாலும் போகாது. காலர் திருப்பின ரெண்டுல ஒரு சட்டைக்குக் கைப்பட்டியும் நஞ்சு போயிருந்துச்சு, முழுக்கைய அரைக்கையா வெட்டச் சொல்லிட்டேன்.

மொத்தம் அஞ்சு சட்டை திரும்பி வந்துச்சு, செலவு 430 ரூபா. அந்த விலைக்கு இப்ப ஒரு நல்ல அரைக்கை சட்டை கூட வராது.

26 மே 2025

அரைக்கையா வெட்டினது தப்பு. கை அகலம் முழுக்கைக்கு வெட்டினது, முழங்கைக்கு மேல நிறுத்தினா கோயில் மணி மாதிரி விரிஞ்சு நிக்குது. இன்னொரு தரம் போய்ப் பிடிக்கணும். இத மொதல்லயே சொல்லிடுங்க, நான் சொல்லல.

8 ஜூன் 2025

எனக்கு 38 வயசு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஃபார்மல் சட்டையில 39, 40, 42னு போட்டிருக்கே, அது மார்பு அளவு இல்ல, கழுத்து. காலர் சுத்தளவு, சென்டிமீட்டர்ல. சட்டை எடுத்துப்போட்ட பொண்ணு டேப்ப என் கழுத்துல சுத்தி 40ன்னுச்சு. நான் வருஷக்கணக்கா 42 வாங்கறேன். ஏன்னா வயிறு. வயித்துக்காக கழுத்து நம்பரக் கூட்டிக் கூட்டி வாங்கினதாலதான் தோள் இறங்கி நிக்குது! வேண்டியது 40லயே கொஞ்சம் தாராளமான கட்டு, ரெகுலர்னோ கம்ஃபர்ட்னோ போட்டிருக்கும். ஸ்லிம்னு போட்டத நம்ம வயசுக்காரங்க தொடக்கூடாது. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும், அதனால போட்டுப் பாக்காம வாங்காதீங்க.

இந்த 42 பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னும் யோசிச்சேன். தீபாவளிக்கு எனக்கும் அண்ணனுக்கும் சித்தப்பா பசங்க ரெண்டு பேருக்கும் ஒரே துணிச் சுருள்ல இருந்து கிழிப்பாங்க. நாலு பேரும் ஒரே கட்டம் போட்ட சட்டையில தெருவுல போனா பேண்டு வாத்தியக் குழு மாதிரி இருக்கும். டெய்லர்கிட்ட எங்கம்மா சொல்றது எப்பவும் ஒண்ணுதான், “வளர்ற பையனுங்க, கொஞ்சம் லூசாவே தைங்க.” அந்த லூசுதான் எனக்கு சரியான அளவுன்னு மனசுல பதிஞ்சு போச்சு போல. வளர்றது நின்னு இருவது வருஷமாச்சு, நான் இன்னும் வளர்ற பையனுக்கே வாங்கிட்டிருக்கேன்.

(குறுக்க வளர்றேனேன்னு யாராச்சும் எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன்.)

9 ஜூன் 2025

கேள்வி கேட்டவர் சாம்பல் பேண்ட் வாங்கிட்டாராம். கீழ மடிச்சுத் தைக்காமலே போட்டுட்டுப் போயிருக்காரு, செருப்புக்கடியில மாட்டி நூல் வந்துடுச்சு. ப்ரோ, ரெடிமேடு பேண்ட் எல்லாம் நீளமாத்தான் வரும், வாங்கின கடையிலயே கேட்டா பல எடத்துல சும்மா வெட்டித் தெச்சுக் குடுப்பாங்க. ஷூ போட்டுட்டு அளவு குடுங்க. வெறும் காலோட குடுத்தா கணுக்காலு மேல நிக்கும்.

20 ஜூலை 2025

ஆடித் தள்ளுபடி. மனுசன் எவ்வளவு எழுதினாலும் திருந்த மாட்டான்ங்கறதுக்கு நானே சாட்சி. டி.நகர்ல ரங்கநாதன் தெரு நெரிசல்ல அரை மணி நேரம் நசுங்கி, சட்டையே வாங்காதன்னு இங்க மே மாசம் எழுதின அதே ஆளு மூணு சட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா மூணும் இளநீலம். ஒண்ணு ப்ளெய்ன், ஒண்ணு பொடிக் கட்டம், ஒண்ணு சன்னக் கோடு. கடை லைட்ல மூணும் வேற வேறயாத்தான் தெரிஞ்சுது.

இப்ப எங்கிட்ட இளநீலம் 7. தப்பில்ல, கலர் சேரும், ஆனா “எப்பவும் ஒரே சட்டையா”ங்கற கேள்விக்கு இதான் நேர் காரணம். உங்க 17லயும் எத்தன நீலம்னு எண்ணிப் பாருங்களேன்.

அப்புறம் இந்த 999 ரூபா விலை. எல்லாக் கடையிலயும் 999ல வந்து நிக்கறதுக்கு வரியும் ஒரு காரணமா இருக்கலாம், பில்லப் பாருங்க. ஆயிரம் ரூபா வரைக்கும் தெச்ச துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினா 12. 1050 ரூபா சட்டைக்கு வரியே 126. பிட்டா எடுத்தா விலை எதுவானாலும் 5தான். தைக்கக் குடுக்கறதுக்கு இது ஒரு சாக்கு.

21 ஜூலை 2025

பிட் எவ்வளவு எடுக்கணும்னு கேட்டிருக்கீங்க. அகலத்தப் பொறுத்தது. 58 இஞ்சு அகலத் துணின்னா முழுக்கைக்கு 1.6 மீட்டர் போதும். 36 இஞ்சு அகலம், கைத்தறி மாதிரி, அதுக்கு ரெண்டே காலு ரெண்டரை ஆகும். பேண்ட்டுக்கு 58 இஞ்சு அகலத்துல 1.2, 1.3. என்ன மாதிரி உடம்புன்னா ஒரு சாண் கூட எடுத்துக்கோங்க, பெரிய கட்டம்னாலும் கூட எடுக்கணும், முன்பக்கம் கட்டம் சேரலன்னா என்ன விலை துணியும் மட்டமாத் தெரியும். தைக்கக் குடுக்கும்போது மறக்காம உள்ள துணி விட்டுத் தைங்கன்னு சொல்லிடுங்க.

10 ஆகஸ்ட் 2025

லினன்.

கலர மாத்தறதோட துணியோட மேனிய மாத்தினாலும் வேற சட்டை மாதிரி தெரியும்னு ஒருத்தர் சொன்னாரு, சரியான பேச்சு. அதே இளநீலத்துலயே மழமழன்னு பாப்ளின் ஒண்ணு, கொஞ்சம் தடிமனா ஆக்ஸ்ஃபோர்டு ஒண்ணு, முரட்டு நூல்ல கைத்தறி ஒண்ணுன்னா மூணும் மூணு சட்டைதான். என் நீலத்த எல்லாம் இப்படிப் பிரிச்சுப் பாத்தேன், ஏழுல அஞ்சு பாப்ளின்.

அந்த ஜோர்ல ஒரு வெள்ள லினன் எடுத்தேன். காலையில அயர்ன் வண்டிக்காரர்கிட்ட சூடா வாங்கிப் போட்டுட்டு கிண்டி போய் வண்டிய நிறுத்தறதுக்குள்ள முதுகெல்லாம் சுருக்கம். வீட்டம்மா பாத்துட்டு “மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு குடுத்தீங்க”ன்னா. ரெண்டு தரம் போட்டுட்டு மடிச்சு வெச்சுட்டேன். ஆபீஸ் போறவங்களுக்கு லினன் வேணாம், இதான் என் தீர்ப்பு.

31 ஆகஸ்ட் 2025

தீர்ப்பு ரத்து. கரண்ட் போன ஒரு ஞாயித்துக்கிழமை வேற வழியில்லாம அத எடுத்துப் போட்டேன். வேர்வைய உறிஞ்சுது, உறிஞ்சதும் காஞ்சுது, உடம்புல ஒட்டவே இல்ல. நான் பண்ணின தப்பு அத பாப்ளின் மாதிரி மொடமொடன்னு வெச்சுக்கப் பாத்தது. லினன் நாருல இழுவை கிடையாது, மடிஞ்சா மடிஞ்சபடியேதான் இருக்கும். தொவைச்சதும் முறுக்கிப் பிழியாம, சொட்டச் சொட்ட ஹேங்கர்ல மாட்டி ரெண்டு உதறு உதறி விட்டா பெரிய சுருக்கம் தானா விழுந்துடுது, பொடிச் சுருக்கம் இருக்கும், அது அழகுதான். அயர்ன் காசும் மிச்சம். சட்டைய உள்ள விடாம வெளிய விட்டு, காக்கி பேண்ட்டோட. சனிக்கிழமைக்கு இதான் இப்ப.

வீட்டம்மா இன்னும் மாடுன்னுதான் சொல்றா.

1 செப்டம்பர் 2025

வெள்ளச் சட்டைக்குள்ள பனியன் தெரியறது பத்தி. வெள்ளைக்கு வெள்ள பனியன்தான்னு நாம நெனைக்கறது தப்பு, கை விளிம்பும் கழுத்துக் கோடும் பளிச்சுன்னு காட்டும். வெளிர் சாம்பல் இல்லன்னா நம்ம தோல் நிறத்துக்குக் கிட்ட உள்ள கலர் போட்டுப் பாருங்க, தெரியவே தெரியாது. நான் நம்பல, கண்ணாடி முன்னாடி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

14 செப்டம்பர் 2025

ஊருக்குப் போற வழியில திருப்பூர்ல எறங்கி காதர்பேட்டை போயிட்டு வந்தேன். டீ ஷர்ட்ட அங்க சும்மா அள்ளிப் போட்டுட்டு வந்துடலாம்னுதான் எல்லாரும் போறது. நானும் அப்படித்தான், போன வருஷம் அள்ளினதுல பாதி ரெண்டு தொவைப்புல பக்கவாட்டுத் தையல் முறுக்கிட்டு தொப்புளுக்கு வந்துடுச்சு.

இந்தத் தடவ ஒரு கடைக்காரர் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு. “ஏனுங்க, கையில புடிச்சுப் பாத்தா ஆச்சுங்களா, ஜிஎஸ்எம் கேளுங்க”ன்னாரு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கறதுதான் அது. 160னா லேசு, வெயிலுக்கு நல்லது, ஆனா தொப்பைய ஒளிக்காது. 180 நடுத்தரம். 220, 240 தடிமன், பாக்க ஜம்முன்னு நிக்கும், மே மாசம் போட்டா நம்மள வேக வெச்சுடும். காலர் டீ ஷர்ட்டு வேற பின்னல், பொடிப் பொடியா குழி தெரியும், அதுல காத்து போகும். ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைக்கு ஜீன்ஸோட போட அதான் தோது. நேவி ஒண்ணு, பாட்டில் பச்சை ஒண்ணு எடுத்தேன். நெஞ்சுல எழுத்து போட்டது எதுவும் எடுக்கல, எழுத்து போட்டத ஒரு தரம் போட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ப்ளெய்ன வாரம் ரெண்டு தரம் போட்டாலும் யாருக்கும் தெரியாது. இந்த மொத்தக் கேள்வி-பதில் இழையிலயே நான் கண்டுபிடிச்ச ஒரே தத்துவம் இதுதான், காசு கேக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூடற ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் போலாம்னு இருந்தேன், அதுவரைக்கும் லீவு இல்ல.

23 செப்டம்பர் 2025

ஜூலையில நான் எழுதின வரிக்கணக்கு பழசாயிடுச்சு. நேத்திலிருந்து 2500 ரூபா வரைக்கும் தெச்ச துணிக்கு 5 சதவீதம், அதுக்கு மேல 18. பிட் எப்பவும் போல 5. இனிமே 999க்கு பதிலா 2499 நெறைய பாப்போம்னு நெனைக்கறேன்.

5 அக்டோபர் 2025

சாயம் போன கதை. கேள்வி கேட்டவர் இல்ல, நான்தான்.

செவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்த பெரிய கட்டச் சட்டை ஒண்ணு எடுத்தேன், எங்கன்னு சொல்லல. மொத தொவைப்பு, வீட்டம்மா தனியா ஊற வைங்கன்னா, நான் கேக்காம எல்லாத்தோடவும் மிஷின்ல போட்டேன். கூட இருந்த வெள்ள லினன் வெளிர் ரோஸா வெளிய வந்துச்சு. இந்த இழையில அது பட்ட பாடு யாரும் படல.

இங்க ஒரு கிளைக்கதை. நம்ம ஊர்க் கட்டத்த வெளிநாட்டுல மெட்ராஸ்னே சொல்லுவாங்க. 1960கள்ல அமெரிக்காவில இது பெரிய மோகமா இருந்திருக்கு. தொவைக்கத் தொவைக்கச் சாயம் எறங்கி ஒரு கட்டம் இன்னொண்ணுல கலங்கும், அத மறைக்காம, சாயம் கண்டிப்பாப் போகும்னு உத்தரவாதம் குடுத்தே வித்திருக்காங்க. அந்தக் கலங்கலுக்காகவே வாங்கினாங்களாம். எனக்கு இது தெரிஞ்சதும் ரோஸ் லினன வீட்டம்மாகிட்ட காட்டி, இது அமெரிக்க ஸ்டைலுன்னேன். மாடு ரோஸாப்பூ மென்னுடுச்சான்னா.

சாயம் போகாம இருக்க கல்லுப்பு போட்டு ஊற வைக்கணும்னு கீழ எழுதியிருக்கறவருக்கு, நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். உப்பு சாயப்பட்டறையில சாயம் ஏத்தும்போது உதவும், வாங்கின துணியில ஒட்டாம நிக்கற சாயத்த அது பிடிச்சு வைக்காது. மொத மூணு தடவ பச்சத் தண்ணியில தனியா அலசி, உள்பக்கம் திருப்பி நெழல்ல காயப்போடறது, அவ்வளவுதான் வழி.

அந்த லினன இப்ப சாம்பல் பேண்ட்டோட போடறேன். நல்லாவே இருக்கு. ரோஸ் சட்டை நானா கடையில போய் எடுத்திருக்கவே மாட்டேன்.

19 அக்டோபர் 2025

நாளைக்கு தீபாவளி, இப்ப ஊர்ல. ஒருத்தருமே வேட்டியப் பத்திப் பேசலயே, நானும் அஞ்சு மாசமா பேண்ட் பேண்ட்னு எழுதிட்டிருக்கேன். பேண்ட் கணக்குல ஒரு வேட்டியச் சேருங்க. எல்லா சட்டைக்கும் சேர்ற ஒரே கீழ்த்துணி அதுதான், கட்டம், ப்ளெய்ன், ரோஸாயிட்ட லினன், எது வேணா மேல போடலாம். ரெண்டு மீட்டர் சுமார் வர்ற நாலு முழம் வீட்டுக்கும் கடைக்கும், கல்யாணம் கார்த்திகைக்கு எட்டு முழம். இடுப்புல நிக்காதுன்னு பயம் இருந்தா ஒட்டிக்கற வேட்டி வருது, வெக்கப்பட ஒண்ணுமில்ல, எங்கப்பாவே அதுக்கு மாறிட்டாரு, பைபாஸ்ல வண்டி ஓட்ட அதான் நிம்மதிங்கறாரு.

வேட்டிக்கு உள்ள விட மாட்டாங்கன்னு ஒருத்தர் தனியா எழுதியிருந்தாரு. 2014ல சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப்ல ஐகோர்ட் ஜட்ஜையே வேட்டி கட்டினதுக்காக வாசல்லயே நிறுத்தினாங்க, பெரிய ரகளையாகி அந்த வருஷமே சட்டசபையில சட்டம் போட்டுட்டாங்க, கிளப், ஹோட்டல், தியேட்டர் எங்கயும் வேட்டிக்காக தடுக்கக்கூடாதுன்னு. உங்க ஆபீஸ்ல விடுவாங்களான்னு கேட்டா அது உங்க ஹெச்ஆரோட சமாச்சாரம்.

கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி இருக்கும், கைத்தறி சட்டைத் துணி அங்கதான் எடுத்தேன். பழுப்பு நெறத்துல ஒரு பேண்ட் பிட்டும் இங்க ஊர்க் கடையில எடுத்தாச்சு.

26 அக்டோபர் 2025

ஷூ. கறுப்பு ஒண்ணு இருந்தா அடுத்தது பிரவுன். நேவி பேண்ட்டுக்கும் காக்கிக்கும் கறுப்பவிட பிரவுன் நல்லாருக்கும். அதே ஷூவ தினம் போடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா உள்ள ஈரம் காஞ்சு ரெண்டுமே கூட நாள் வரும், நாத்தமும் வராது.

30 நவம்பர் 2025

மழை. நாலு நாளா துணி காயல, ஃபேனுக்குக் கீழ கொடி கட்டி வீடே டோபிகானாவா கெடக்கு.

இந்த வாரம் ஒண்ணு புரிஞ்சுது. மே மாசம் நான் பேண்ட் பேண்ட்னு போட்ட பெருக்கல் கணக்குல தொவைக்கறது காயறது எதுவுமே இல்ல. பேண்ட்ட ரெண்டு நாள் போடலாம், சட்டைய நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு மேல போட முடியாது. நாங்க வாரம் ஒரு தடவ தொவைக்கறோம், அயர்ன் போயி வர ரெண்டு நாள். அப்ப ஆபீசுக்கு மட்டும் எட்டு சட்டை வேணும், மழைக்காலத்துக்கு இன்னும் ரெண்டு. ஆக பத்துக்குக் கீழ சட்டையக் கொறைக்காதீங்க. அந்த பத்தும் உடம்புக்கு சரியா இருக்கணும், அதான் விஷயம். ஜீன்ஸ் மழையில காயவே காயாது, மெல்லிசு காட்டன் பேண்ட் ராத்திரி போட்டா காலையில ரெடி, இதையும் பேண்ட் வாங்கும்போது யோசிச்சுக்கோங்க.

என் இப்பத்திய கணக்கு கேட்டிருந்தீங்க. சட்டை 18, எல்லாமே போடறேன். பேண்ட் அஞ்சு, அதுல கறுப்பு ஒண்ணுதான். வேட்டி ரெண்டு. தேத்த முடியாத ரெடிமேடு மூணையும், தோள் போனதையும், மின்னற ரெண்டையும் குடுத்துட்டேன், ஊர்ல தம்பி ஒருத்தன் மின்னறதத்தான் மொதல்ல எடுத்தான், அவனுக்கு அது அவ்வளவு பாந்தம். வயலட்டு இன்னும் இருக்கு, சாம்பல் பேண்ட் வந்தப்புறம் அதையும் எடுத்துப் போட்டுட்டேன்னா நம்புவீங்களா.

21 டிசம்பர் 2025

கேள்வி கேட்டவர் போட்டோ அனுப்பியிருக்காரு. சாம்பல் பேண்ட், காலர் திருப்பின பழைய மஞ்சள் கோடு போட்ட சட்டை, நல்லாருக்கு ப்ரோ. யூனிஃபார்மான்னு கேட்ட ஆளு இப்ப டெய்லர் நம்பர் கேக்கறாராமே, குடுங்க.

அந்த பழுப்பு பேண்ட் பிட் என்னாச்சுன்னு கேட்டவருக்கு: அப்படியேதான் இருக்கு. கோபி டெய்லர் பொங்கல் வரைக்கும் புது ஆர்டர் எடுக்கலயாம். தெருமுனை அண்ணன்கிட்ட கேட்டேன், பேண்ட் நான் தைக்கறதில்ல தம்பி, தெச்சுக் கொண்டாங்க பிரிச்சுத் தரேன்னுட்டாரு.